தண்ணீர் மெத்தையைத் திருப்பிக் கேட்டவள்

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். இதை நினைவிலிருந்து எழுதவில்லை. ஒரு பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வழுக்கி விழுந்து காலெலும்பு முறிந்த அப்பா இரண்டு மாதமாகப் பிடித்து நடந்த வாக்கரைத் திருப்பிக் கொடுப்பதற்காக அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன்.

அலுவலகம் என்று சொல்வது பழக்கத்தால்தான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சந்தில், மின்கம்பத்துப் பீங்கான்களை வைக்கோல் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கி அனுப்பிக்கொண்டிருந்த பழைய கொட்டகை ஒன்றின் முன்பாதி அது. பின்பாதியில் சக்கர நாற்காலிகளும் வாக்கர்களும் கமோடு நாற்காலிகளும் இரும்புக் கட்டில்களும் நெருக்கியடித்து நின்றன. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இவற்றை இரவல் கொடுப்பதுதான் அந்த அறக்கட்டளையின் வேலை. கட்டணம் இல்லை. திருப்பித் தர வேண்டிய தேதியும் இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறக்கட்டளையின் செயலாளர். எல்லோரும் ஐயா என்பார்கள். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"கண்ணுல சொட்டு மருந்து வுட்டிருக்கேன் பாப்பா, எழுத்தெல்லாம் பூச்சியாத் தெரியுது. நீயே எழுதிடு."

எழுதினேன். தேதிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். மேல் வரியில் சக்கர நாற்காலி ஒன்றின் எண் தவறாக இருந்ததைக் கண்டு, அதையும் ஒரு கோடு போட்டுத் திருத்தினேன். அவர் பதிவேட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நேரம் போட்டு எழுதற மொத ஆளு நீதான். ரயில்வேல இருந்திருந்தா உன்னைய ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கியிருப்பேன்."

பின்னால் கட்டில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிராமலே சொன்னார்: "இவரு மூட்டை எண்ணினவரு. இவரு ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கறாராம்."

அவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர், சிஸ்டரம்மா. நான் சிரிக்கவில்லை. புதிய இடங்களில் சிரிப்பதற்கு எனக்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஆனால் முதுகலைத் தமிழ் வகுப்புகள் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வீட்டில் அப்பாவும் நடக்கத் தொடங்கிவிட்டார். "நாளைக்கும் வாயேன், இந்த நோட்ட கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடு" என்று ஐயா கேட்டபோது, வருகிறேன் என்று சொன்னேன். இப்படித்தான் அறுபத்தெட்டு வயதுக்குக் குறையாத மூவருக்கு நடுவில் நான்காவது ஆளானேன்.

மூன்றாமவரைப் பாய் என்று அழைத்தார்கள். மங்கலம்பேட்டையில் முப்பது ஆண்டுகள் துணிக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மொபெட்டில் இங்கே வந்துவிடுவார். இரவல் போன பொருள்கள் எந்த வீட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வருவது அவர் பொறுப்பு. காலையில் கிளம்பினால் மூன்று வீடு பார்த்துவிட்டு மதியம் திரும்புவார். ஒரு டஜன் வாழைப்பழத்தோடு போவார். சில நாள் ஒரு பை முருங்கைக்காயோடு வருவார். பொருளைப் பற்றிக் கேட்டால், "அது கெடக்குது, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கும் கதையை ஆரம்பிப்பார்.

நான் வேலை செய்யும் முறையைப் பார்த்து எனக்கு "டீச்சரு" என்று பெயர் வைத்ததும் அவர்தான். "இன்னிக்கு எத்தன பேர ஃபெயிலு போட்டீங்க டீச்சரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். ஃபெயிலாகிவிட்டதாக விற்பனையிலிருந்து ஒதுக்கப்பட்ட, காது கோணிய பீங்கான் கோப்பைகளில் டீ குடித்தோம். அந்த வாரங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் எழுதாமல் விட்டால் மற்றவை சரியாகப் புரியாது.

பழைய பதிவேட்டில் ஐந்து பத்திகள் இருந்தன: தேதி, பெயர், ஊர், பொருள், குறிப்பு. முதல் நான்கும் பாதிக்குப் பாதி காலியாக இருக்கும். குறிப்புப் பத்தி மட்டும் பொங்கி வழிந்து அடுத்த வரியில் இறங்கும். "வேப்பமரத்து வீடு, நாய் உண்டு." "மகள் கடலூரில், ஞாயிறு வரும்." "பெரியவருக்குக் காது கேளாது, சத்தம் போட்டால் கோபம் வரும்." "இவர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதே, சாப்பாடு போட்டுவிடுவார்கள்." மூன்று விதமான மையில், மூவரின் கையெழுத்திலும் இருந்தது அது. பொருள் எப்போது போனது, எந்த நிலையில் போனது, எப்போது திரும்பும் என்ற செய்தி எங்கும் இல்லை.

நான் புதிய பதிவேடு ஒன்று போட்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, சிவப்புப் பெயின்டில் எழுதினேன். இரவல் போன தேதி, நிலை, கடைசியாகப் பேசிய தேதி, திரும்பிய தேதி என்று பத்திகள் பிரித்தேன். குறிப்புப் பத்தியை நீக்கிவிட்டேன். அது தகவல் அல்ல, அரட்டை என்று நினைத்தேன்.

அவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுத்திருந்தால், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்ற சாக்காவது எனக்கு இன்று இருந்திருக்காது. ஐயா அந்தப் பதிவேட்டை வருவோர் போவோருக்கெல்லாம் திறந்து காட்டினார். எங்கே போனதென்றே தெரியாமலிருந்த சக்கர நாற்காலி ஒன்று, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமத்தில் தண்ணீர்க் குடங்களைத் தள்ளப் பயன்பட்டுக்கொண்டிருந்ததை என் பதிவேடுதான் கண்டுபிடித்தது. அது திரும்பி வந்த அன்று சிஸ்டரம்மா எனக்காக வீட்டிலிருந்து பணியாரம் செய்து கொண்டுவந்தார்.

"டீச்சரு வந்தாத்தான் நமக்கெல்லாம் புத்தி வருது" என்றார் பாய். கேலியா பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் தொலைபேசியில் பேசும் முறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு முறை சிஸ்டரம்மா வாக்கர் வாங்கிப்போன ஒரு வீட்டுக்குப் பேசினார். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினான்கு நிமிடம். சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா, சின்னவனுக்குப் பல் முளைத்ததா, பெரியம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருதா, வெளிக்குப் போகிறார்களா. வாக்கர் என்ற சொல்லே வராமல் பேச்சு முடிந்தது. வைத்த பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு மாசம் ஆவும், எழுதிக்கோ" என்றார். எதிலிருந்து அதைக் கணித்தார் என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. பொருள் திரும்பி வந்தால், கொண்டுவந்தவரிடம் நோயாளியைப் பற்றி ஒருவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அவர் போன பிறகு சிஸ்டரம்மா, "வேலை முடிஞ்சுது" என்பார். இறந்துபோனார் என்ற சொல்லை அந்தக் கொட்டகையில் நான் கேட்டதில்லை. பிறகு அவர் பொருளைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைப்பார்.

ஜூலைக் கடைசியில் பாய் மூட்டு அறுவை சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்குப் போனார். மகள் வீட்டில் தங்கி ஓய்வெடுத்துத் திரும்ப ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் எனக்கும் கல்லூரி தொடங்கிவிட்டது. வகுப்பு முடிந்த பிற்பகல்களிலும் சனிக்கிழமைகளிலும் வந்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெண்ணாடத்திலிருந்து ஒருவர் வந்தார். கரும்பு விவசாயி. அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். தண்ணீர் மெத்தை கேட்டார். மாதக்கணக்கில் எழ முடியாமல் கிடப்பவரின் முதுகும் இடுப்பும் ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகாமல் காப்பது அது. ரப்பர் துணியாலான பெரிய பை. கட்டிலில் விரித்து வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்ப வேண்டும். எங்களிடம் இருந்தவை நான்கு. நான்கும் வெளியே இருந்தன. அவர் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை உட்காரக்கூட இல்லை.

"இன்னும் வரலீங்களாம்மா?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் பதிவேட்டை எடுத்தேன். நான்கில் மூன்று அண்மையில் போனவை. ஒன்று மட்டும் பத்தொன்பது மாதத்துக்கு முன்பு மங்கலம்பேட்டைக்குப் போனது. கடைசியாகப் பேசிய தேதி என்ற பத்தி அதற்குக் காலியாக இருந்தது. தொலைபேசி எண்ணுக்காகப் பழைய பதிவேட்டைத் திறந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில், குறிப்புப் பத்தியில், பாயின் கையெழுத்தில் இப்படி இருந்தது: "போனில் கேட்க வேண்டாம். நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்."

இதை நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. என் விரல் அந்த வரியின் கீழ் நின்றதுகூட நினைவிருக்கிறது. பாய் இப்போது போக முடியாது, ஆகவே அந்த அறிவுரை இப்போது பொருந்தாது என்று தர்க்கம் செய்தேன். அவரைப் புதுச்சேரியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்க அரை நிமிடம் ஆகியிருக்காது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

பேச வேண்டியதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். "வணக்கம். விருத்தாசலம் அறக்கட்டளையிலிருந்து பேசுகிறேன். தாங்கள் பெற்றுச் சென்ற தண்ணீர் மெத்தையின் தேவை முடிந்திருந்தால், அதைத் திருப்பி அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். வேறொரு நோயாளி அதற்காகக் காத்திருக்கிறார்." இரண்டு சொற்களை அடித்து மாற்றினேன். ஐயாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குது. மரியாதையாவும் இருக்குது, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாவும் இருக்குது" என்றார்.

"தேவை முடிந்திருந்தால்" என்ற தொடரைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமையே இருந்தது. நோயாளி இருக்கிறாரா என்று கேட்காமல் கேட்பதற்கு அது உதவியது. பத்தொன்பது மாதம் ஆகிவிட்டதே, இருக்க மாட்டார் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். ஒரு மரணச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டு, அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பதை நான் விரும்பவில்லை. என்னைக் காத்துக்கொள்ளவே அந்த வாக்கியத்தைக் கட்டினேன்.

எடுத்தது இளம் பெண்குரல். பின்னால் குழந்தை ஒன்று எதற்காகவோ அழுதுகொண்டிருந்தது. தாளில் இருந்ததைப் பிசகாமல் சொன்னேன். அந்தப் பெண் யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்; யாரோ பதில் சொன்னார்கள்.

"சரிங்க. நாளைக்கே அனுப்பிடறேங்க" என்றார்.

நன்றி சொல்லி வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியாகப் பேசிய தேதியை அதற்குரிய பத்தியில் எழுதினேன்.

மறுநாள் பிற்பகல் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் மெத்தையைக் கொண்டுவந்து இறக்கினார். கழுவி, உலர்த்தி, ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் உள்மடிப்பெல்லாம் பவுடர் தூவி, பூப்போட்ட பழைய போர்வை ஒன்றில் சுற்றி, நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. சிஸ்டரம்மா முடிச்சுகளை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

"இவ்ளோ சுத்தமா இதுவரைக்கும் ஒருத்தரும் குடுத்ததில்ல. பாவம். வேலை முடிஞ்சுது போல."

அவர் சொன்னது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது; தெரியாது என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம். நிலை என்ற பத்தியில் "மிக நன்று" என்று எழுதினேன்.

பிறகு பெண்ணாடத்துக்காரரை அழைத்தேன். "நேத்துதாம்மா ஏர் பெட்டு ஒண்ணு வாங்கிப் போட்டோம். இனிமே வேணாம். வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அவருடைய அப்பா எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. வேறு யாரும் அப்போது தண்ணீர் மெத்தை கேட்டு வரவில்லை. இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு அது மரப்பலகையின் மேல் சுருட்டி வைக்கப்பட்டது.

பாய் கைத்தடியோடு திரும்பி வந்தது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. ஆறு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னதை மதிக்காமல் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். ஐயா எழுந்து நின்று, "வாங்க வாங்க, புது முட்டிக்காரரே, ஒரு டான்ஸ் ஆடிக் காட்டுங்க" என்றார். சிரித்துக்கொண்டே பின்பாதிக்குள் நடந்த பாய் மரப்பலகை முன்னால் நின்றார். பூப்போட்ட போர்வையை விரலால் தொட்டார்.

"இது எங்கக் கடைப் போர்வையாச்சே. யாரு வூட்டுது?"

எண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"மங்கலம்பேட்டை அம்மாவா? மவுத்தாயிட்டாங்களா?" அவர் குரல் இறங்கியது. "எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே. பக்கத்துத் தெருதானே."

"தெரியலைங்க" என்றேன். "நான் போனில் கேட்டேன். அனுப்பிவிட்டார்கள்."

"எப்பிடி இருக்காங்கன்னு கேட்டியாம்மா?"

"இல்லைங்க."

டீச்சரு என்று அழைக்கவில்லை. அவர் மகனுக்குப் போன் செய்து, ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு வைத்தார். "இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகலே சிஸ்டரம்மாவும் அவரும் நானும் பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்குப் போனோம். மெத்தையை எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். "மொதல்ல ஆளப் பாப்போம்" என்றார் பாய்.

கதவைத் திறந்தவர்தான் அந்தக் குரலுக்கு உரியவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பார். கணவர் குவைத்தில், வீட்டில் மாமியாரும் மூன்று வயதுக் குழந்தையும் இவரும்தான். எங்களை உட்காரச் சொல்லி, உடனே டீ போட உள்ளே போனார். சிஸ்டரம்மா உட்காரவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், படுத்திருந்த முதிய பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாச்சா என்று தொடங்கினார். பேச்சோடு பேச்சாக, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பலாமா?" என்று அவரை ஒருக்களிக்க வைத்துப் பார்த்தார். இலவம்பஞ்சு மெத்தையின் மேல் நான்கைந்து பழைய சேலைகளை மடித்துப் போட்டிருந்தது. இடுப்பின் வலப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"எப்பலருந்தும்மா இது?"

டீ கொண்டுவந்த மருமகள் தட்டைப் பிடித்தபடியே சொன்னார்: "ஒரு பத்து பன்னண்டு நாளா இருக்குதுங்க. டாக்டரு மருந்து குடுத்திருக்காரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பிப் படுக்க வைக்கச் சொல்றாரு. நான் ஒருத்தியா எப்பிடிங்க திருப்பறது? இழுத்தா தோலு உரியுது."

அந்த அம்மா மறு ஆண்டு நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் இறந்தார். புண் அதற்கு முன்பே ஆறிவிட்டது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சிஸ்டரம்மா என்னிடம் இருமுறை சொல்லியிருக்கிறார். இருமுறை சொல்ல வேண்டியிருந்ததை நான் கவனித்தேன்.

"வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் பாய்.

"எப்பிடி பெரியத்தா சொல்றது?" என்று, பெரியப்பா முறை வைத்து அவரைப் பார்த்துச் சொன்ன மருமகள் பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அதுவரை அங்கே ஒரு சொல்லும் பேசவில்லை, ஆனால் போனில் பேசியவள் நான்தான் என்று தெரிந்துகொண்டிருந்தார். "ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காருன்னு சொன்னாங்க. மாமிகிட்ட சொன்னேன். அனுப்பிடு, நாமதான் ரொம்ப நாளா வச்சிக்கிட்டிருக்கோம், அந்த மனுஷன் என்ன பாடு படறாரோன்னாங்க. தரையில கோரப்பாயப் போட்டு இவங்கள எறக்கி வச்சிட்டு, ராத்திரி பூரா மெத்தத் தண்ணிய மொண்டு வெளிய ஊத்தினேன்."

கட்டிலிலிருந்து அந்த அம்மா தலையை லேசாகத் திருப்பினார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"அவருக்கு இப்ப எப்பிடிம்மா இருக்குது? மெத்த ஒத்துக்கிச்சா?"

பாய் தடியைப் பார்த்தார். சிஸ்டரம்மா போர்வையைச் சரிசெய்தார். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

"நல்லா இருக்காருங்க" என்றேன்.

அன்று அந்த வீட்டில் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். மன்னிப்பு என்ற சொல்லையோ அதற்கு நெருங்கிய வேறு சொல்லையோ என்னால் எடுக்க முடியவில்லை. அந்த அம்மா திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது பாய், நான் சொன்ன பொய்க்கு ஏற்றபடி, "இன்னொரு மெத்த இருக்குதும்மா, கொண்டாந்து போட்டுடறேன்" என்றார். மருமகள் வேண்டாம் என்றார். குரலில் கோபம் இல்லை.

"மறுபடி யாராவது வந்து கேப்பாங்க, மறுபடி குடுக்கணும். ஒரு வாட்டி எறக்கி ஏத்தினதே போதும் பெரியத்தா. மாமியும் சம்மதிக்க மாட்டாங்க. அவரு வரும்போது ஒண்ணு வாங்கியாறேன்னு சொல்லியிருக்காரு."

"அவன் வர்றதுக்கு ஆறு மாசம் ஆவுமே."

"ஆவட்டும்."

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் என்னைக் குறைகூறுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாறாக, ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டார்கள். "இந்த முட்டிய இப்ப பண்ணித்தான் ஆவணும்னு யாரு அழுதாங்க" என்றார் பாய். "நானும்தான் மெத்தையப் பாத்தேன். அவ்ளோ சுத்தமா வந்திருக்குதேன்னு மெச்சிக்கிட்டேனே ஒழிய, யாரு என்னான்னு விசாரிச்சனா?" என்றார் சிஸ்டரம்மா. கொட்டகையில் காத்திருந்த ஐயா விவரம் கேட்டுவிட்டு, "அந்தத் தாளப் படிச்சிட்டு சரின்னவன் நானு" என்றார். மூவரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டதில் என் பங்கு குறையவில்லை. படித்தும் மதிக்காமல் விட்ட அந்த வரியைப் பற்றி அவர்களிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

சிஸ்டரம்மா மட்டும் பிரியும்போது, "நல்லா இருக்காருன்னியே…" என்று தொடங்கினார். பிறகு, "சரி, வுடு. வூட்டுக்குப் போ" என்றார்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகவில்லை. ஆறு இருபது பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்குப் போனேன். தாள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்த மருமகள் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"திருப்பிப் படுக்க வைக்க ரெண்டாவது ஆள் வேணும்னு சொன்னீங்களே" என்றேன்.

அவர் வழி விட்டு ஒதுங்கி நின்றார். பிறகு, "கைய கழுவிட்டு வாங்க" என்றார்.

விரிப்பின் இரண்டு முனைகளை அவரும் இரண்டு முனைகளை நானும் பிடித்துக்கொண்டோம். எங்கே பிடிக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த அம்மா ஒரு முறை முனகினார். சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, முதுகுக்குத் தலையணை கொடுத்தோம். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"அம்மா, நேத்து நான் சொன்னது பொய். அவரு வேற மெத்தை வாங்கிட்டாரு. நீங்க அனுப்பினது யாருக்கும் போகலை. எங்க கொட்டகையிலதான் கெடக்குது. உங்களுக்கு வேணுமான்னு கேக்காமலே நான் வாங்கிட்டேன்."

சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "சும்மாவா கெடக்குது?"

"ஆமாங்க."

"அந்த மனுஷனுக்கு எப்பிடி இருக்குது?"

"தெரியலைங்க. நான் கேக்கலை."

"சும்மா கெடக்கறதுக்கா என்னயத் தூக்கித் தரையில போட்டீங்க" என்றார். அது எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியவில்லை. பிறகு மருமகளிடம், "கொண்டாரச் சொல்லு" என்றார்.

எட்டே காலுக்கு விருத்தாசலம் பஸ் பிடித்தேன். ஐயா வீட்டில் சாவி வாங்கிக் கொட்டகையைத் திறந்து, மெத்தையை அதே போர்வையில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பத்து மணிக்கு மேல் மறுபடி அங்கே இறங்கினேன். இருவருமாக அந்த அம்மாவைத் தரையில் விரித்த கோரைப்பாயில் இறக்கினோம். கட்டிலில் மெத்தையை விரித்ததும் நான் வாளியை எடுத்தேன்.

"வைங்க. தண்ணி நான் ஊத்திக்கறேன்" என்று மருமகள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஒன்பது வாளி ஆயிற்று. அவர் குழாய்க்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து ஊற்றினார். நான் மெத்தையின் வாயைச் சிந்தாமல் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.